நூல் கோட்டை, ஏழாவது எபிசோட்

நவம்பர் 2, ஞாயிறு

ஜப்பானியப் பொம்மைத் தொடர்களைப் பேசும் எங்கள் அனிமே குழுவில் இன்று ஐம்பதாவது ஆள் சேர்ந்தார். வந்ததும் வராததுமாக, "இரும்புத் தும்பி கடைசியில செத்துடும்ல?" என்று ஒரு செய்தி. பதினேழு பேர் அந்தத் தொடரை இன்னும் பார்த்து முடிக்கவில்லை. ஒரே நிமிடத்தில் அதை அழித்து எச்சரிக்கை கொடுத்தேன். உடனே 'தயிர்சாதம்' என்ற பெயரில் இருப்பவர் எழுதினார்: "ஆந்தை காவல் இருக்கும்போது ஒரு ஸ்பாய்லர்கூட உயிரோட போகாது." ஆந்தை நான்தான். குழுவின் அட்மின்.

புதியவருக்காக விதிகளை மறுபடி ஒட்டினேன். மூன்று எபிசோட் பார்க்காமல் எந்த அனிமேயையும் நல்லது என்றோ குப்பை என்றோ சொல்லக் கூடாது. எங்கே பார்க்கலாம் என்று சொல்லாமல் எதையும் பரிந்துரைக்கக் கூடாது. கதையின் முடிச்சை உடைப்பதானால் சாம்பல் திரை போட்டுத்தான் உடைக்க வேண்டும். திரை போட்டால் எழுத்து தெரியாது, பொடிப்பொடியாக மினுங்கும், விரலால் தொட்டால்தான் விலகும். பார்த்து முடித்தவர் தொடலாம், முடிக்காதவர் தொடக் கூடாது. நான்கு வருடத்தில் நான் ஒரு திரையைக்கூட முன்கூட்டியே தொட்டதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

வீட்டில் இதெல்லாம் தெரியாது. திண்டுக்கல் ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிற முப்பத்தொரு வயது அருள்செல்வி, ஐம்பது பேருக்குத் தலைவி என்றால் அண்ணன் சிரித்தே சட்டையைக் கிழித்துக்கொள்வார். "பொம்மைப் படம் பாக்கற வயசா இது?" என்று ஏற்கெனவே ஒருமுறை கேட்டாயிற்று. அதிலிருந்து ஹெட்போன் போட்டுத்தான் பார்க்கிறேன்.

குழுவில் எனக்குத் தலைவலி 'வெண்டைக்காய்' என்ற பெயரில் இருப்பவர்தான். ஆணா பெண்ணா தெரியாது. எட்டு மாதமாக இருக்கிறார், மதியம் மூன்றிலிருந்து நான்கு வரைதான் வருவார். 'சூப் கடை சாமுராய்' நாயகன் ஒரு வெத்துவேட்டு என்று போன வாரம் எழுதினார். அவனுக்காக அழுதேன் என்று இன்று எழுதுகிறார். காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

நவம்பர் 4, செவ்வாய்

தண்ணீர் வந்தது, ஆறு குடம் பிடித்தேன். சென்டரில் கூட்டம். ஊரெல்லாம் காய்ச்சல், பாதிப் பேர் டெங்கு.

மூன்று மணிக்கு வெண்டைக்காய் ஒரு பரிந்துரை போட்டார். அப்படியே எழுதி வைக்கிறேன்: "நூல் கோட்டைன்னு ஒரு தொடர். மேகத்து மேல ஒரு கோட்டை. அதுல நாலு பறவைங்க நாள் பூரா நூல் நூக்குதுங்க. வாசல்ல ஒரு காவல்காரி, வெளிய விட மாட்டா. மூணாவது எபிசோட்ல ஒரு பறவைக்கு உடம்பு சுடுது. காவல்காரி வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போக மாட்டேங்கிறா. எல்லாரும் பாருங்க, ப்ளீஸ்."

எங்கே பார்ப்பது என்று எழுதவில்லை. விதியை நினைவூட்டினேன்.

நவம்பர் 5, புதன்

குழு முழுக்க இதே சண்டை. எந்த ஆப்பிலும் 'நூல் கோட்டை' இல்லை. ஜப்பானியப் பெயர் என்ன, எந்த ஸ்டூடியோ, எந்த வருடம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தயிர்சாதம் தேடுவதில் கில்லாடி, ஒரே ஒரு காட்சியை வைத்துக்கொண்டு முப்பது வருடப் பழைய தொடரைக் கண்டுபிடித்தவர். அவரே கையை விரித்துவிட்டார்.

வெண்டைக்காயிடமிருந்து மூன்று மணிக்குப் பதில் வந்தது. "பேரெல்லாம் தெரியாது. நாங்க பாத்துட்டுதான் இருக்கோம். நாலாவது எபிசோட்லயும் சூடு குறையல."

'நாங்க' என்று எழுதியிருந்தார். யார் அந்த நாங்கள்?

"கதை விடறதுக்கும் ஒரு அளவு இருக்கு" என்று ஒருவர் எழுத, பன்னிரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

மூன்று பத்துக்கு வெண்டைக்காய் சாம்பல் திரை போட்டு ஒரு செய்தி அனுப்பினார். மேலே மட்டும் திரையில்லாமல் ஒரு வரி: "நூல் கோட்டை ஸ்பாய்லர். ஆந்தை அக்கா, நீங்க மட்டுமாவது திறந்து பாருங்க."

நான் திறக்கவில்லை. பார்க்காத தொடரின் ஸ்பாய்லரை நான் திறப்பதில்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இடம் சொல்லாமல் பரிந்துரைத்தது முதல் தவறு, இல்லாத தொடரை இருப்பதாகச் சொன்னது இரண்டாவது தவறு. செய்தியை அழித்தேன். அழித்ததைக் குழுவில் சொல்லிவிட்டு வெண்டைக்காயை மூன்று நாள் மியூட் செய்தேன். இனி ஞாயிறு மூன்றே காலுக்குத்தான் அவரால் குழுவில் எழுத முடியும். தனிச் செய்தி அனுப்பவும் வழியில்லை, தயிர்சாதத்தைத் தவிர எல்லோருக்கும் அதை நான் எப்போதோ அடைத்துவிட்டேன். செய்தி வந்து அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

விதி என்றால் விதிதான். ஆளுக்கு ஒரு நியாயம் வைக்க முடியாது.

சாயங்காலம் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அண்ணி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தார்.

நவம்பர் 7, வெள்ளி

சென்டருக்கு ஒரு மில்லின் மேனேஜர் வந்தார். வருடா வருடம் அவர்கள் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகள் நூற்றைம்பது பேருக்கு எங்களிடம்தான் எக்ஸ்ரே எடுப்பார்கள். இந்த வருடம் எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்க வந்திருந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார், என்னிடம்கூட "சாப்டாச்சாம்மா?" என்றார். நான் டோக்கன் டப்பாவைக் கீழே போட்டுவிட்டேன். குனிந்து பொறுக்கும் சாக்கில் அவர் போகும்வரை மேசைக்கு அடியிலேயே இருந்தேன்.

டாக்டரம்மா டீ குடிக்கும்போது சும்மா கேட்டேன். "டெங்குக் காய்ச்சல் எத்தனை நாள்ல சரியாகும் மேடம்?"

"காய்ச்சல் நாலஞ்சு நாள்ல விட்டுரும் செல்வி. ஆனா விட்ட பிறகுதான் உஷாரா இருக்கணும். சூடு குறைஞ்சிருச்சேன்னு சும்மா இருந்திருவாங்க. வயித்துவலி, வாந்தி, ஈறுல ரத்தம், இதுல ஒண்ணு வந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரில சேத்தாகணும். ஏன், வீட்ல யாருக்காச்சும் காய்ச்சலா?"

"இல்ல மேடம். ஒரு தொடர்ல பாத்தேன்."

"என்ன தொடரோ!" என்று சிரித்தார்.

நான் எண்ணிப் பார்த்தேன். திங்கட்கிழமை தொடங்கியது என்றால் இன்றோடு ஐந்து நாள்.

நவம்பர் 8, சனி

இன்று எழுத ஒன்றும் இல்லை. வேலை முடிந்து பஸ் நிலையத்தில் கரூர் ரோட்டு பஸ் எத்தனை மணிக்கெல்லாம் என்று சும்மா கேட்டுவிட்டு, பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு, காலை

அண்ணன் கறி எடுத்து வந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அண்ணி, "ரெண்டு நாளா போன் அடிச்சாலே தூக்கிவாரிப் போடுது உனக்கு" என்றார். சென்டரில் வேலை அதிகம் என்றேன். "மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்னு எங்கம்மா சொல்லும்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு இஞ்சி அரைக்கப் போனார். எனக்கு வெங்காயம் இல்லாமலே கண்ணில் தண்ணீர் வந்திருக்கும்.

மியூட்டை இப்போதே எடுத்துவிடலாம். அட்மின் நினைத்தால் ஒரு நொடி வேலை. ஆனால் மூன்று நாள் என்று சொல்லிவிட்டு நடுவில் எடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். வெண்டைக்காய் யாரோ வேலைவெட்டி இல்லாத ஒரு பயலாகத்தான் இருக்கும். நம்மை வைத்து வேடிக்கை பார்க்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

மாலை 3.35

மூன்று இருபத்தொன்றுக்கு வந்தது. திரை இல்லை.

"நூல் கோட்டை, ஏழாவது எபிசோட். பறவைக்குச் சூடு நின்னு போச்சு. காவல்காரி, சரியாயிருச்சு, நாளைக்கு நூல் நூக்கப் போன்னு சொல்லிட்டா. ஆனா பறவை வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு கிடக்கு. தண்ணி குடிச்சா வெளிய வந்திருது. அலகுல ரத்தம். அடுத்த எபிசோட் இருக்குமான்னு தெரியல."

கீழே ஒருவர், "செம கற்பனை வெண்டைக்காய், நீங்களே எடுத்துருங்க இந்தத் தொடரை" என்று எழுதி இதயப் பொம்மை போட்டிருக்கிறார்.

போன் அடிக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

அரசு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்ததை வரிசையாக எழுதினால்தான் நெஞ்சு அடங்கும்.

போன் செய்தவர் தயிர்சாதம். நான்கு வருடப் பழக்கத்தில் அவர் குரலை முதல்முறையாகக் கேட்டேன்.

"ஆந்தை, என் பேரு முபாரக். நேரா விஷயத்துக்கு வர்றேன். இது தொடர் இல்லைங்க. யாரோ உயிரோட இருக்கிற பொண்ணுங்க, ஏதோ நூல் மில் ஹாஸ்டல்ல. வியாழக்கிழமை நீங்க அழிச்ச மெசேஜ்ல என்ன இருந்துச்சு?"

"படிக்கல. நான் திரையைத் தொட மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் பயமா இருக்கு. எந்த ஊரு, எந்த மில்லுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தமிழ்நாடு பூரா மில்லுதான்."

"கரூர் ரோட்டுல இருக்கு" என்றேன்.

"மில் பேரு?" என்றார். சொன்னேன். "சரி. பெண்கள் உதவி எண் 181-க்கும் போலீசுக்கும் நான் போன் போடறேன். 108-ஐ நீங்க கூப்பிடுங்க. கிளம்பிப் போங்க" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

திரும்பினால் அண்ணி நின்றிருந்தார். "யாருக்குக் காய்ச்சல்? எங்க போகணும்?" அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். நான் திக்கித் திணறிச் சொன்னதில் பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கும். ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டார். வழியெல்லாம் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, சாகக் கூடாது, சாகக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

மில் வாசலில் ஆம்புலன்சை உள்ளே விடவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பெண்ணைக் கேட்டோம், ஹாஸ்டல் வார்டன் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் பளிச்சென்று குங்குமம்.

"அந்தப் பிள்ளை நேத்தே ஊருக்குப் போயிருச்சும்மா. அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு."

அவ்வளவு நிதானமாகச் சொன்னார், நானே நம்பிவிடுவேன் போலிருந்தது. நம்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அண்ணிதான் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "போயிருச்சுன்னா எங்களை உள்ள விட்டுக் காட்டறதுக்கு என்ன? எனக்கும் தங்கச்சி இருக்குடி! கேட்டைத் திற!"

நாற்பது நிமிடம் ஆயிற்று போலீசும் சமூகநலத் துறை அம்மாவும் வருவதற்கு. அந்த நாற்பது நிமிடத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. மேலே ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. ஒருத்தியும் சத்தம் போடவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

கேட் திறந்ததும் எந்த அறை என்று அந்த அம்மா வார்டனைக் கேட்டார். வார்டன் கீழ்த்தளத்தைக் காட்டினார்.

"மாடியில, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து ரூம்" என்றேன்.

"நீங்க உள்ள வந்திருக்கீங்களா?"

"இல்ல."

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாடிப்படி ஏறினார்.

மூன்று பெண்கள் போர்வையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பெயர் காளீஸ்வரி, சாயல்குடிப் பக்கம், பத்தொன்பது வயது. உதடு வெளுத்து, கை கால் சில்லென்று இருந்தது. கண் பாதி திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை.

இங்கே டியூட்டி டாக்டர் பரிசோதித்துவிட்டு வெளியே வந்து சொன்னார்: "வியாழன், வெள்ளில கொண்டு வந்திருந்தா ட்ரிப்ஸ் ஏத்தி நாலு நாள்ல வீட்டுக்கு அனுப்பியிருப்போம். இப்ப எதுவும் சொல்ல முடியாது."

நவம்பர் 11, செவ்வாய்

அப்படியேதான் இருக்கிறாள். பிளேட்லெட் என்கிற ரத்தத் தட்டணு இருபதாயிரத்துக்கும் கீழே.

கூட வந்த மூன்று பேரையும் அரசு விடுதியில் தங்கவைத்திருக்கிறார்கள். சங்கவி என்ற பெண்தான் இன்று இங்கே துணைக்கு இருக்கிறாள். மெலிந்த பெண், பேசினால் பட்பட்டென்று பேசுகிறாள். வெண்டைக்காய் யார் என்று கேட்டேன்.

"நாங்க நாலு பேரும்தான்க்கா. ஒரே போன். ஆளுக்கு ஒருநாள் எழுதுவோம். மெஸ்ஸுல வாரத்துல அஞ்சு நாள் வெண்டைக்காய், அதான் அந்தப் பேரு. சாமுராயைத் திட்டுனது ரெபேக்கா. அழுதது காளி. நீங்ககூட, ஒருத்தருக்கு எத்தனை நாக்குன்னு திட்டுனீங்களே, அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சோம்."

மதியம் மூன்றிலிருந்து நான்கு வரை மட்டும் வார்டன் போனைக் கொடுத்து, திருப்பி வாங்கும்போது எல்லாச் செய்தியையும் படிப்பாராம். பொம்மைப் படம் என்றால் மட்டும் கண்டுகொள்ள மாட்டாராம். வீட்டுக்குப் பேசும்போதுகூடப் பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் கதையாக எழுதியிருக்கிறார்கள். முன்பு ஒருமுறை சாம்பல் திரையைப் பார்த்துவிட்டு, "ஸ்கிரீன் ரிப்பேர் போலிருக்கு" என்றாராம்.

"உங்களைத்தான்க்கா நம்புனோம். திண்டுக்கல்லுன்னு ஒருவாட்டி எழுதியிருந்தீங்க. ஆனா உங்க மேல தப்பில்ல. நீங்க திறக்க மாட்டீங்கன்னு எங்களுக்குத்தான் தோணல. ரூல்னா ரூல்தானே."

நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

நவம்பர் 12, புதன்

தட்டணு முப்பத்தெட்டாயிரம். சிறுநீர் சரியாகப் பிரியவில்லை. டயாலிசிஸ் வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 13, வியாழன்

காளீஸ்வரி கண் திறந்தாள். அப்பா பெயரைச் சொன்னாளாம். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். சிறுநீரகம் தேற மாதக்கணக்காகும், முழுதாகத் தேறுமா என்று போகப்போகத்தான் தெரியும். அவள் அப்பா சாயல்குடியிலிருந்து வந்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க குலசாமி மாதிரி வந்தீங்க தாயி" என்று அழுதார். கையை உருவிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

மத்தியானம் சென்டருக்குப் போனேன். மில் விஷயம் பேப்பரில் வந்துவிட்டது. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேதான் படியேறினேன். முதலாளி, மூன்று நாள் சொல்லாமல் லீவு போட்டதற்குத் திட்டினார். "அந்த மில்லு வேலை இனி நமக்கு வேண்டாம், பேரு கெட்டுரும்" என்று கணக்கரிடம் சொல்லிவிட்டு, என்னைப் போய் டோக்கன் கொடுக்கச் சொன்னார். அவ்வளவுதான். இதற்கா பயந்தேன்?

நவம்பர் 14, வெள்ளி

ஆறாம் தேதி எழுதியது பொய்.

திறந்தேன். வந்த அதே நிமிடத்தில் திறந்தேன். பதினோரு வரி. மில் பெயர், கரூர் ரோடு, மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறை, காளீஸ்வரி, திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல், "யார்கிட்டயாவது சொல்லுங்கக்கா, நாங்க சொன்னோம்னு சொல்லிராதீங்க." எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். அந்த மில் எனக்குத் தெரியும். எங்கள் சென்டருக்கு ஆள் அனுப்புகிற மில். நான் சொன்னேன் என்று தெரிந்தால் வேலை போகும், வீட்டில் எல்லாம் தெரியும், போலீஸ், விசாரணை. அழித்துவிட்டால் படிக்காத மாதிரிதான் என்று நினைத்தேன். அவர்கள் மறுபடி எழுதிவிடக் கூடாதே என்றுதான் மியூட் செய்தேன். பிறகு இந்த நோட்டில்கூட, யாரும் படிக்கப்போகாத இதில்கூட, திறக்கவில்லை என்று எழுதினேன்.

ஐந்து மணிக்குக் குழுவில் போட்டேன். திரை போடவில்லை. "வியாழக்கிழமை வெண்டைக்காய் அனுப்பியதை நான் திறந்து படித்தேன். பயத்தில் அழித்தேன். விதிக்காக அல்ல. மூன்று நாள் சும்மா இருந்தேன்."

ஐம்பது பேரும் பார்த்துவிட்டார்கள் என்று காட்டியது. ஒருவரும் எதுவும் எழுதவில்லை. முபாரக்கும்தான்.

ஏழு மணிக்கு வெண்டைக்காயிடமிருந்து பதில் வந்தது. சங்கவியாகத்தான் இருக்கும்.

"அக்கா, அன்னிக்கு மெசேஜ் போட்டுட்டு நாலு பேரும் போனைச் சுத்தி உக்காந்திருந்தோம். அழிஞ்சதும் ரெபேக்கா அழுதுட்டா. காளிதான் அவளைத் தேத்துனா. 'அவங்க படிக்கலடி, படிச்சிருந்தா வந்திருப்பாங்க'ன்னு. பேச்சு நிக்கிற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தா. இன்னிக்குக்கூட உங்களைக் கேட்டா. இதை அவகிட்ட நாங்க சொல்ல மாட்டோம். நீங்களே வந்து சொல்லுங்க."

பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு வரை. நாளைக்கு அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன். அண்ணி கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ரொம்பப் பயமாக இருக்கிறது. மூன்றரை பஸ்ஸில் போகிறேன்.